எல்லாருக்கும் பதினாறு

அத்தியாயம் 11

டிப்போவில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவள் அக்கா. இத்தனை வாரமாக நாமும் அப்படித்தான் கூப்பிட்டு வருகிறோம். பத்தொன்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டியவள், எட்டு நாளாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை பஸ்ஸை ஓரங்கட்டும்போது, பழைய பேப்பர் கைவண்டியோடு இடது பக்கம் நின்றிருந்தவரை இடித்துவிட்டாள். தொடை எலும்பு முறிந்து அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். "திடீர்னு வந்துட்டார்" என்று அக்கா எழுதிக் கொடுத்தாள். நின்றுகொண்டிருந்தவர் எப்படித் திடீரென்று வருவார் என்று டிப்போவில் யாரும் கேட்கவில்லை. அவளேதான் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை மாலை நாலு மணிக்குள் புதிதாக ஒரு கண் பரிசோதனைச் சீட்டு கொண்டுவர வேண்டும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். இன்று புதன்கிழமை.

"எவ்வளவு நேரம் நீட்டிக்கிட்டே நிக்கிறது? கை சுடுது" என்றார் அவள் கணவர்.

அக்கா திரும்பினாள். இடது பக்கம், ஒரு முழ தூரத்தில், அவர் டீ டம்ளரோடு நின்றிருந்தார்.

"யோசனையில இருந்தேங்க."

"யோசனை எதுக்கு? போ, சீட்டை வாங்கு, கொடு, வண்டியை எடு." அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தச் சிக்கலையும் மேலே, கீழே என்று இரண்டே பொத்தானில் முடித்துவிடுவார். "சின்னு எத்தனை மணிக்கு வரச் சொன்னா?"

சின்னு அக்காவின் தங்கை. ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் பெரிய கண்ணாடிக்கடையில் ஆறு வருஷமாக வேலை. கண்ணாடி வாங்க வருகிறவர்களை முதலில் உட்கார வைத்து, மெஷினில் கண்ணைப் பார்த்து எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள்தான். அக்காவின் சீட்டு வருஷா வருஷம் அவள் கையால்தான் வரும்.

"நான் மார்க்கெட் பின்னாடி இருக்கே, அந்தச் சின்னக் கடையில பார்க்கலாமான்னு..."

"அவன்கிட்டயா?" அவர் டம்ளரை டக்கென்று வைத்தார். "கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறியே! ஒரு கண்ணாடிக்குப் பத்து நாள் நடக்க விட்டான் என்னை. ஏன்னு கேட்டா, 'லென்ஸ் சரியில்ல, திருப்பி அனுப்பிட்டேன்'னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறான். பெரிய கடையில பாரு, போனதும் ஏசி, குடிக்கத் தண்ணி, ஒண்ணு வாங்கினா ஒண்ணு. ஒரு கண்ணாடி போட்டுக்க, இன்னொண்ணு தொலைக்க."

அக்கா சிரித்தாள். "சரி, சின்னுகிட்டயே போறேன்" என்றாள்.

பதினேழு வருஷக் கல்யாணத்தில் அவள் அவரிடம் சொன்ன பொய்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இது ஒன்று.

* * *

சின்னக் கடையில் பெஞ்சு ஒன்று, கண்ணாடி அலமாரி இரண்டு, பின்னால் திரை போட்ட ஒரு இருட்டறை. கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். ஜலதோஷம். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"முன்னாடி வந்திருக்கீங்களே?"

"ஏழு வருஷம் இருக்கும். அப்புறம் தங்கச்சி வேற கடையில சேர்ந்துட்டா."

"அங்கயே போயிட்டீங்க." அதில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. இன்னொரு முறை தும்மினார். "உட்காருங்க."

எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். கடைசி வரி வரை தடுமாறாமல் படித்தாள். அக்காவுக்குத் தெம்பு வந்தது. பிறகு மரத்துப்போக ஒரு சொட்டு மருந்து விட்டு, ஒரு சின்னக் கருவியால் கண்ணைத் தொட்டுப் பார்த்தார். எண்ணைக் குறித்தார். மறுபடியும் பார்த்தார். மறுபடியும் குறித்தார். அதற்கப்புறம் அவர் மூக்கைத் துடைக்கவே இல்லை.

"இன்னொரு மெஷின் இருக்கு. மூடின ஆஸ்பத்திரியில ஏலத்துல எடுத்தது. பழசு, ஆனா பொய் சொல்லாது. நேரம் இருக்கா?"

"நாலு மணிக்குள்ள டிப்போவுல டிரைவர் சீட்டைக் கொடுக்கணும். அது வரைக்கும் இருக்கு."

வெள்ளைக் கிண்ணம் போன்ற மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார். வலது கண்ணுக்கு மூடி. நடுவில் உள்ள மஞ்சள் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது ஒளிப்புள்ளி மின்னினால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும்.

மின்னியது, அழுத்தினாள். மின்னியது, அழுத்தினாள். விளையாட்டு மாதிரி இருந்தது. பிறகு எதுவும் வரவில்லை. காத்திருந்தாள். மஞ்சள் புள்ளி அப்படியே இருந்தது. மெஷினுக்குள்ளிருந்து டிக், டிக் என்று சத்தம் மட்டும் வந்தது.

"சார், மெஷின் நின்னுடுச்சா?"

பின்னால் அவர் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"இல்லம்மா. ஓடிட்டுதான் இருக்கு."

அக்காவின் கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்தது. ஒவ்வொரு டிக்குக்கும் எங்கோ ஒரு வெளிச்சம் வந்து போகிறது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

இரண்டு கண்ணும் முடிந்ததும் அவர் ஒரு தாளை மேஜையில் வைத்தார். இரண்டு வட்டங்கள். ஒன்று ஏறக்குறைய முழுக்கக் கறுப்பு.

"இது இடது கண். நடுவுல மட்டும் கொஞ்சம் பாக்கி. அதனாலதான் எழுத்தெல்லாம் படிக்கறீங்க. இது வலது. இதுல மூக்குப் பக்கம் போயிடுச்சு. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா உங்களுக்கு இடது பக்கம்னு ஒண்ணு கிடையாது. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பைத் தின்னுடுச்சு. குளுக்கோமான்னு சொல்வாங்க. இருபத்தொண்ணுக்குள்ள இருக்கணும். உங்களுக்கு முப்பத்தொண்ணு, இருபத்தொன்பது."

"புதுக் கண்ணாடி போட்டா?"

"கண்ணாடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

"ஆபரேஷன்?"

"போனது போனதுதான். இருக்கறதைக் காப்பாத்தப் பார்ப்பாங்க. நாளைக்கே பெரிய கண்ணாஸ்பத்திரிக்குப் போங்க, எழுதித் தர்றேன். வண்டி ஓட்டக் கூடாதுன்னும் எழுதியிருக்கேன். அதை மாத்த முடியாது."

அவள் மாற்றச் சொல்லவில்லை. வருஷா வருஷம் பெரிய கடையில் பார்த்ததை மட்டும் சொன்னாள். அவர் நெற்றியைத் தடவினார்.

"எந்தக் கடையா இருந்தா என்னம்மா? மெஷின் ஒழுங்கா இருந்து, ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். அங்கயும் நல்லாப் பார்க்கறவங்க இருக்காங்க." எழுந்துபோய், பின்னறையிலிருந்து ஒரு பழைய அட்டையைத் தேடி எடுத்து வந்தார். ஏழு வருஷத்துக்கு முந்தைய தேதி. "என் லட்சணத்தையும் பாருங்க. அப்பவே உங்களுக்கு இருபத்துமூணு. 'ஆறு மாசத்துல திரும்ப வரணும்'னு எழுதி வச்சிருக்கேன்."

"எங்கிட்டச் சொன்னீங்களா?"

"எழுதியிருக்கேன்." அவர் அட்டையையே பார்த்தார். "சொன்னேனான்னு ஞாபகம் இல்ல."

திட்டலாம் என்று பார்த்தால் அக்காவுக்கு வாய் வரவில்லை.

"கூடப் பிறந்தவங்க இருந்தா அவங்களும் பார்த்துக்கணும்" என்றார் அவர், வாசல் வரை வந்து. "இது குடும்பத்துல ஓடும்."

* * *

அவள் பஸ் ஏறவில்லை. மார்க்கெட்டிலிருந்து டிப்போவுக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்தாள். முதல் முறையாக, இடது பக்கம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நடந்தாள். திருப்பும் ஒவ்வொரு முறையும் அங்கே ஏதோ இருந்தது. ஒரு சைக்கிள். கூடை வைத்திருந்த பெண். ஒரு சுவர். இத்தனை நாள் இதெல்லாம் எங்கே இருந்தது?

கணவருக்குப் போன் செய்தாள். அவர் ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் மேல் நின்றிருந்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல எதிரொலித்தது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். சின்னக் கடைக்குப் போனதையும்.

அந்தப் பக்கம் ஸ்பானர் ஒன்று எங்கோ விழுந்து, மோதி மோதிக் கீழே போகும் சத்தம் கேட்டது.

"இங்க பாரு" என்றார் கடைசியில். "அந்தத் தாளைக் கிழிச்சுப் போடு."

"ஏங்க..."

"சின்னு எனக்குப் போன் பண்ணினா. நீ கடைக்கு வரலைன்னு பதறிட்டா. சீட்டை அடிச்சு எடுத்துக்கிட்டு டிப்போவுக்கே வர்றாளாம். அதைக் கொடு. ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போவோம், சொட்டு மருந்து போடுவோம். ஆனா வண்டியை விட்டுடாதே. எட்டு நாளா உன்னைப் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன். வீட்டுல நாற்காலியை ஸ்டியரிங் மாதிரி பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே. வண்டி இல்லாம நீ என்ன ஆவே?"

"ஒருத்தர் காலை உடைச்சிருக்கேங்க."

"தெரியும்." அவர் குரல் உடைந்தது. "தெரியாமயா சொல்றேன்? எனக்கு வேற என்ன சொல்லத் தெரியும்?"

மேலே, கீழே, இரண்டு பொத்தானும் வேலை செய்யாத இடத்துக்கு அவர் வந்துவிட்டார். அக்கா போனை வைத்துவிட்டாள்.

* * *

டிப்போ வாசலுக்கு எதிரே இருந்த சிமென்ட் பெஞ்சில் சின்னு உட்கார்ந்திருந்தாள். கடைச் சீருடை, அதே கடையின் பையில் வழவழப்பான ஒரு சீட்டு. அக்காவைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள்.

"எங்கக்கா போனே? பன்னண்டு மணிக்கே ஆள் இல்லாம ஃப்ரீயா வச்சிருந்தேன். சரி, விடு. எல்லாம் போட்டு ரெடியா அடிச்சுட்டேன். இந்தா, கொடுத்துட்டு வா."

அக்கா சீட்டை வாங்கிப் பார்த்தாள். இன்றைய தேதி. தூரப் பார்வை, நிறம், பக்கவாட்டுப் பார்வை எல்லாவற்றுக்கும் எதிரே 'சரி'. கண் அழுத்தம்: பதினாறு, பதினாறு.

"நான் வரவே இல்லையே, சின்னு."

"போன வருஷத்ததைப் பார்த்துத்தான் போட்டேன். உன் கண்ணு எனக்குத் தெரியாதா?"

அக்கா தன் பையிலிருந்து சின்னக் கடைத் தாளை எடுத்து, இரண்டையும் பெஞ்சில் பக்கம் பக்கமாக வைத்தாள். சின்னு குனிந்து படித்தாள். ஆறு வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவள். அந்தக் கறுப்பு வட்டத்தை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மெல்ல உட்கார்ந்தாள்.

"போன வருஷம் பதினாறு. அதுக்கு முன்னாடியும் பதினாறு" என்றாள் அக்கா. "வயசைக் கேட்டா பதினாறுன்னு சொல்லலாம். கண்ணுக்கு அழுத்தம்கூடவா வருஷா வருஷம் பதினாறு?"

சின்னு சீட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள்.

"சொல்லு."

"மெஷின் ரிப்பேர்க்கா."

"எப்போலருந்து?"

"மூணு வருஷம் ஆகப்போகுது. கண்ணுல காத்து அடிச்சு அழுத்தம் பார்க்குமே, அந்த மெஷின். மேலிடத்துக்கு எழுதிப் போட்டோம். ஆள் வருவான் வருவான்னாங்க. வரல. கம்ப்யூட்டர்ல அந்தக் கட்டத்துல நம்பர் போடலைன்னா அடுத்த பக்கமே போகாது. வெளியில இருபது பேர் உட்கார்ந்திருப்பாங்க. மேனேஜர்தான் சொன்னார், நார்மல் நம்பர் ஒண்ணு போட்டுட்டுப் போங்கன்னு." அவள் குரல் தேய்ந்துகொண்டே போனது. "பதினாலுன்னு போடுவோம், பதினஞ்சுன்னு போடுவோம். கூட்டமா இருந்தா யோசிக்க நேரம் இருக்காது. எல்லாருக்கும் பதினாறு."

"எனக்குமா?"

சின்னு அழ ஆரம்பித்தாள்.

"உனக்கு ஒண்ணும் இருக்காதுன்னு நினைச்சேன். நீ நல்லாத்தானே இருந்தே. கடைசி வரி வரைக்கும் படிச்சியே..."

அக்காவும் அதைத்தான் நினைத்திருந்தாள். காலையில் கூட. ஆனால் அதைச் சொல்லித் தங்கையைத் தேற்ற அவளுக்கு மனம் வரவில்லை. அம்மா இல்லாத வீட்டில் இவளுக்குத் தலைவாரி, சோறு ஊட்டி, இந்த வேலைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது வரை செய்தவள். இப்போது கையை நீட்டித் தோளைத் தொடக்கூட முடியவில்லை.

"உன் கண்ணையும் பார்த்துக்கச் சொன்னார். குடும்பத்துல ஓடுமாம்."

"நான் பார்த்தாச்சு" என்றாள் சின்னு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஸ்டாஃபுக்கு வருஷா வருஷம் கடையிலயே பார்ப்பாங்க."

"எவ்வளவு?"

"பதினாறு."

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. ஒரு கணம்தான். பிறகு இருவருமே பயந்துபோய் நிறுத்திக்கொண்டார்கள்.

மூன்றே முக்கால். அக்கா ஒரு தாளை மட்டும் எடுத்துக்கொண்டாள். வழவழப்பான சீட்டு பெஞ்சிலேயே கிடந்தது.

* * *

மேலாளர் கறுப்பு வட்டங்களைப் பார்த்தார். கீழே எழுதியிருந்ததைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் படித்தார்.

"என்னம்மா இது? போன வருஷச் சீட்டுல எல்லாம் சரின்னு இருக்கே?"

அவர் பழைய சீட்டுகள் இருந்த ஃபைலை எடுத்தார். அவளுடைய சீட்டுக்கு முன்னாலும் பின்னாலும் அதே வழவழப்பான சீட்டுகள். புரட்டப் புரட்ட வந்துகொண்டே இருந்தன. தன்னையறியாமல் எண்ண ஆரம்பித்தார்; அவளுடையதைத் தவிர பத்து இருந்தது.

"பத்து பேர் இதே கடையில வாங்கியிருக்காங்க. எல்லாத்துலயும்..." விரல் ஒரே இடத்தில் இறங்கி இறங்கி நின்றது. "எல்லாருக்கும் பதினாறு போட்டிருக்கான்?"

அக்காவுக்கு அந்தப் பத்துப் பேரையும் தெரியும். சாப்பாட்டு இடைவேளையில் ஒவ்வொருவரிடமும் அவள்தான் சொன்னாள்: எதுக்கு அந்தச் சின்னக் கடையில ஒரு மணி நேரம் தவம் கிடக்கறீங்க? எங்க கடைக்கு வாங்க, பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும். எங்க கடை! அவளுக்கு அதில் எவ்வளவு பெருமை!

"இதுல யார் பார்த்தாங்கன்னு கையெழுத்து புரியலை. உங்களுக்கு அங்க யாரையாவது தெரியுமா?"

தெரியாது என்று சொல்லலாம். அவளுக்கு வேலை போய்விட்டது, அது போனதுதான். தங்கையின் வேலையாவது மிஞ்சும். வாசலில் உட்கார்ந்திருப்பவளை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், நாளை ஆஸ்பத்திரிக்குப் போகலாம். யாருக்கும் எதுவும் தெரியாது. பத்துப் பேரில் ஒருவர் என்றைக்காவது எங்காவது யாரையாவது இடிக்கும் வரை.

"தெரியும் சார். என் தங்கச்சி."

மேலாளர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, பெயரைக் கேட்டார். அக்கா சொன்னாள். எழுத்துப்பிழை வந்தபோது திருத்தியும் சொன்னாள்.

"சரி, நான் மேலிடத்துக்கு எழுதறேன். உங்க சாவி, அடையாள அட்டை ரெண்டையும் இங்க வச்சிடுங்க."

வைத்தாள். "அந்தப் பத்துப் பேர்?"

"எழுதறேன்னு சொன்னேனே. உத்தரவு வரணும். ஒரு வாரம், பத்து நாள் ஆகும்."

"அது வரைக்கும்?"

"பத்து வண்டியை நிறுத்திட்டு ஜனங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார் மேலாளர். கெட்டவர் இல்லை. களைத்திருந்தார். "அது வரைக்கும் ஓடட்டும்."

* * *

வெளியே சின்னு எழுந்து நின்றாள்.

"என்ன சொன்னேக்கா?"

"உன் பேரைச் சொன்னேன்."

சின்னு 'என் பேரையா' என்று கேட்கவில்லை. சண்டை போடவில்லை. பெஞ்சில் கிடந்த சீட்டை எடுத்து, நான்காக மடித்து, பைக்குள் போட்டாள்.

"மாமாகிட்ட நீயே சொல்லிடு" என்றாள். "நான் இன்னும் ரெண்டு மணி நேரம் டியூட்டி பார்க்கணும்."

"சின்னு, நாளைக்கு எங்கூட ஆஸ்பத்திரிக்கு..."

அவள் தெருவைக் கடந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை. கூட்டத்தில் அந்தச் சீருடை கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. போய்விட்டாளா, தன் கண்ணுக்குத்தான் தெரியவில்லையா என்று அக்காவால் சொல்ல முடியவில்லை.

பின்னால் டிப்போவின் இரும்புக் கதவு கிறீச்சிட்டது. நாலரை மணி வண்டி கிளம்பி மெல்ல உருண்டு வந்தது. டிப்போவிலேயே ஏறிக்கொண்ட கூட்டம், உள்ளே நிற்க இடமில்லை. ஓட்டுகிறவரை டிப்போவில் மீசை என்பார்கள். போன மாதம்தான் அக்கா சொல்லி, பத்து நிமிஷத்தில் சீட்டு வாங்கி வந்தவர். "உங்க தங்கச்சி தங்கமான பொண்ணுக்கா, ஒரு கேள்வி கேட்கல" என்று மெச்சியவர்.

அக்கா நடந்து போய்க் கதவுக்கு நேராக, வண்டிக்கு முன்னால் நின்றாள்.

பிரேக் முனகியது. ஜன்னல் வழியாக மீசையின் சிரித்த முகம் எட்டிப் பார்த்தது.

"என்னக்கா, லீவு அலுத்துப் போச்சா? வழியை விடுங்க, லேட்டாகுது."

"இறங்குங்க."

"என்னது?"

"நான்தானே உங்களை அந்தக் கடைக்கு அனுப்பினேன். இறங்குங்க."

மீசையின் சிரிப்பு அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் முகம் மட்டும் மாறியது. உள்ளேயிருந்து யாரோ கத்தினார்கள். பின்னால் அடுத்த வண்டி வந்து நின்றது. மாடி ஜன்னலைத் திறந்து மேலாளர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார்.

மீசை ஹாரனை அழுத்தினார். அழுத்திய கையை எடுக்கவில்லை.

அக்கா நகரவில்லை.